மறுநிரப்பல் வெடிமருந்து (கைத்துப்பாக்கி)

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் புதிய பற்றவைப்பான், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்துவது மறுநிரப்பல் எனப்படும். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரிடையே இது பரவலான கைவேலையாகும். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் கூட்டையும் குண்டையும் அளந்து பார்க்கலாம். பற்றவைப்பானும் சில நிலையான அளவுகளில் கிடைக்கிறது. வெடிமருந்து மட்டும் கடைகளில் பல பத்து பெயர்களில் விற்கப்படுவதோடு, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் முற்றிலும் வேறுபட்ட வேகத்தில் எரியக்கூடியனவாகவும் இருப்பதால், இவ்வேலையில் தேர்வு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் மருந்துத் தேர்வே ஆகும்.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த பழைய கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறாமல் புகையாகவும் கசடாகவும் எஞ்சிவிடும். நைட்ரோசெல்லுலோஸை ஈதரும் ஆல்கஹாலும் கொண்டு பசையாக்கி ஏடுகளாக வெட்டும் முறையை 1884இல் பிரான்சின் பால் வியேல் கண்டறிந்தபோது இக்குறை நீங்கியது. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் கொண்ட இவ்வகை ஒற்றை அடி மருந்து எனவும், ஆல்பிரட் நோபல் 1887இல் செய்ததுபோல் நைட்ரோகிளிசரினும் கலந்தது இரட்டை அடி மருந்து எனவும் வழங்கப்படுகின்றன. பிரிட்டனில் ஏபலும் டியூவரும் 1889இல் உருவாக்கிய கார்டைட்டும் இரட்டை அடி வகையைச் சேர்ந்ததே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை இதன் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. கார்டைட் கயிறுபோல் நீளமாக இழுக்கப்பட்டது. இக்காலக் கைத்துப்பாக்கி மருந்துகளோ செதில், உருண்டை, சிறு உருளை ஆகிய வடிவங்களில் வருகின்றன.

மருந்தை இனம் பிரிப்பதில் முதலிடம் பெறுவது எரிவேகம். வெடிமருந்து எனப் பெயர் பெற்றிருந்தாலும் புகையற்ற மருந்து துப்பாக்கிக்குள் வெடிப்பதில்லை. ஒவ்வொரு துணுக்கும் தன் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிந்துகொண்டு போகிறது. சுற்றியுள்ள அழுத்தம் உயர உயர இந்த எரிதலும் விரைவு கொள்வதால், அழுத்தம் எரிதலைத் தூண்ட, எரிதல் மீண்டும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. குண்டு முன்னோக்கி நகர்ந்து வாயுவுக்கு இடம் தருவது ஒன்றுதான் இச்சுழலைக் கட்டுக்குள் வைக்கிறது. துணுக்கின் பருமன், வடிவம், அதன்மேல் பூசப்படும் எரிதணிப்பான் ஆகியவற்றை மாற்றி ஆலைகள் எரிவேகத்தை வகுக்கின்றன. வேகப்படி மருந்துகளை வரிசைப்படுத்திய பட்டியல்கள் கிடைத்தாலும், அவை முன்பின் நிலையைக் காட்டுவனவேயன்றி, அடுத்தடுத்துள்ள இரண்டு மருந்துகளுக்கு இடையிலுள்ள தொலைவைக் காட்டுவன அல்ல. பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது கையை இழக்கும் வழியாகும்.

கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது என்பதால், நீள்துப்பாக்கி மருந்தோடு ஒப்பிடுகையில் அதற்குரியவை அனைத்துமே விரைந்து எரிவனதாம். அவற்றுக்குள்ளும் புல்ஸ்ஐ போன்றவை மிக விரைவானவை. சிறிதளவே போதுமானவையும் மென்மையான பின்னுதைப்புத் தருபவையுமாக இருப்பதால் இலக்குப் பயிற்சிக்கு இவை விரும்பப்படுகின்றன. கனத்த குண்டை மிகு வேகத்தில் செலுத்த வேண்டிய .357 மேக்னம் போன்ற தோட்டாவுக்கு, நீடித்துத் தள்ளும் மெதுவான மருந்து ஏற்றது. எச் 110 எனவும் வின்செஸ்டர் 296 எனவும் இரு பெயர்களில் விற்கப்படும் ஒரே மருந்து இவ்வகையினது. இதைக் கூட்டில் நிறையக் கெட்டித்தால்தான் சீராகப் பற்றும். பாதுகாப்பு என்று எண்ணி அளவைக் குறைத்தால் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி, அதை அறியாமல் சுடும் அடுத்த குண்டு குழலைப் பிளந்துவிடக்கூடும். குறைத்தால் தீங்கில்லை என்னும் பொது அறிவு இங்கே செல்லுபடியாகாது.

கூட்டின் கொள்ளளவு வகிக்கும் பங்கை .38 ஸ்பெஷல், 9 மி.மீ. லூகர் ஆகிய இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் விளங்கும். முன்னதன் கூடு ஏறத்தாழ 29 மி.மீ. நீளமுடையது, பின்னதன் கூடு 19 மி.மீ. மட்டுமே. ஆயினும் அமெரிக்கத் தர அமைப்பு வரையறுத்துள்ள உச்ச அழுத்தம் .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டும் 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000 பவுண்டும் ஆகும். பெரிய கூட்டுக்குச் சிறிய அழுத்தம் என்ற இம்முரண் வரலாற்றிலிருந்து வருகிறது. .38 ஸ்பெஷல் இடத்தை அடைக்கும் கரிமருந்துக்கென வடிவமைக்கப்பட்டது. 1902இல் தோன்றிய மற்றதோ தொடக்கத்திலேயே புகையற்ற மருந்துக்கானது. ஆகவே .38 ஸ்பெஷலில் வேகமருந்தை இட்டால் கூட்டின் அடியில் மட்டும் சிறிது கிடக்கும். தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. மேலும், துப்பாக்கியைத் தாழ்த்தி உயர்த்துகையில் மருந்து முன்னும் பின்னும் சரிவதால் குண்டின் வேகம் சுடுதோறும் மாறுபடலாம். கூட்டை ஓரளவு நிரப்பும் பருத்த மருந்தைப் பலர் நாடுவது, இரட்டிப்புக் கொட்டல் கண்ணில் பட்டுவிடும் என்பதற்காகவே. மறுநிரப்பலுக்குப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வளவை இல்லை எனலாம்.

அளவிடும் அலகு கிரெய்ன் ஆகும். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன் அடங்கும். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம், அதாவது தட்டான் தராசில் இடும் குன்றிமணியின் எடையில் பாதியளவே. தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்று கொண்டால் ஒரு பவுண்டு மருந்து 1,400 தோட்டாக்களுக்கு வரும் என்பதால், வேகமருந்து சிக்கனமானது என்னும் பெயர் பெற்றது. ஆனால் இவ்வளவு சிறிய எடையில் கால் கிரெய்ன் வேறுபாடும் பெரிதே. மருந்தைப் பருமனளவால் கொட்டும் கருவியில் உருண்டை மருந்து நீர்போல் இறங்கும். அகன்ற செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடைத்துக்கொள்வதால் அளவு முன்பின்னாகும்.

எந்த மருந்தாயினும், அதன் அளவு ஆலை வெளியிடும் கையேட்டிலிருந்து, அதே எடையும் அமைப்பும் உள்ள குண்டுக்கு உரியதாகவே எடுக்கப்பட்டு, குறிக்கப்பட்ட தொடக்க அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தப்பட வேண்டும். பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும்: எச் 4895, ஐஎம்ஆர் 4895 என்னும் நீள்துப்பாக்கி மருந்துகள் எண்ணால் ஒன்றாயினும் பொருளால் வேறானவை. இந்தியாவில் தோட்டா உற்பத்தி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமத்துக்கு உட்பட்டது.

நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானே சிதைந்து அமிலத்தை வெளியிடும் இயல்புடையது. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துமாதலால், அதை உறிஞ்சிக்கொள்ளும் டைபினைலமின் போன்ற நிலைப்படுத்தி மருந்தில் சேர்க்கப்படுகிறது. 1907இல் இயேனா, 1911இல் லிபெர்த்தே ஆகிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்தில் வெடித்தழிந்ததற்குச் சிதைந்த மருந்தே காரணம் எனக் கருதப்படுகிறது. கெட்டுப்போன மருந்தைக் கொள்கலத்தைத் திறந்தவுடனேயே கண்டுகொள்ளலாம்: நல்ல மருந்தில் கரைப்பான் மணம் மெல்ல வீசும், கெட்டதில் மூக்கை அரிக்கும் புளித்த நெடியும், செந்துருப்போன்ற பழுப்புத் தூளும் தென்படும்.