முழங்கால் நுண்துளைச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலியும் மீட்சியும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

முழங்கால் மூட்டைத் திறக்காமல், இரண்டு மூன்று சிறு துளைகள் வழியாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்வது ஆர்த்ரோஸ்கோப்பி. 1918இல் தோக்கியோவில் கென்ஜி தக்காகி இறந்தவரின் முழங்காலைக் குழாய்க்கருவியால் உள்நோக்கினார். 1962இல் மசாக்கி வத்தனபே மூட்டுக்குள் கிழிந்திருந்த சவ்வின் (மெனிஸ்கஸ்) ஒரு பகுதியை இம்முறையில் வெட்டியெடுத்தார். வயதோடு தேய்ந்த முழங்காலுக்கு இது பெரிதாக உதவுவதில்லை. 2017இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் அத்தகையோருக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

துளை சிறிது என்பதால் உள்காயமும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. மூட்டைச் சூழ்ந்த மென்சவ்வில் வலி நரம்புகள் நிறைந்துள்ளன. மூட்டுக்குள் நீர் கோத்தால் முன்தொடைத் தசை தானாகவே சோர்ந்துபோகும். நோயாளி முயன்றாலும் அது முழுதாக இறுகாது. வலி தணிந்த பிறகும் கால் மடங்கி விழப்பார்ப்பது இதனால்தான். ஆகவே முதல் வாரத்தின் தலையாய வேலை வீக்கத்தை வற்றச் செய்வதே. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வரை, நாளில் பல தடவை வைக்கலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதையும், முழங்காலைப் படுக்கையோடு அழுத்தித் தொடையை இறுக்குவதையும் வைத்தியர் தடுக்காவிட்டால் அன்றே தொடங்கலாம்.

முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை ஆழமான பிரதேசம் மட்டக்களப்பு. ஆனால் புதிய சத்திரசிகிச்சைக் காயத்தின்மேல் எண்ணெய் தேய்ப்பதும் சூட்டு ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்தால் உருவிவிடுவது உயிராபத்து.

மூட்டுக்குள் ஏற்றப்படும் விறைப்பு மருந்து சில மணித்தியாலங்களே நிற்கும். அது தெளியும் முன்பே பரசிட்டமோலைத் தொடங்குவது நல்லது. ஈரல் நோயில்லாத வளர்ந்தவர் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. டைக்குளோபினக் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் வயிற்றுப்புண்ணோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு ஆகாது. மாரியில் டெங்கு பரவும் மட்டக்களப்பில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: காய்ச்சல் கண்டால் டைக்குளோபினக்கை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் டெங்கில் அது இரத்தக்கசிவைத் தூண்டும். அந்தக் காய்ச்சல் மூட்டுக்குள் கிருமி புகுந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனப்படும் படகை நம்பியிருந்தார்கள். இப்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து இயன்மருத்துவத்துக்கு நகரம் வந்துபோவது எளிது. ஆனாலும் முதல் நாட்களில் மோட்டார் சைக்கிளில் காலை மடித்து வருவதைவிட ஆட்டோவில் நீட்டி அமர்ந்து வருவதே மேல்.

வேலைக்குத் திரும்புவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சவ்வின் ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டிருந்தால் மேசை வேலைக்கு ஓரிரு வாரம் போதும். பாரம் சுமக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சவ்வு தைக்கப்பட்டிருந்தால் தோணியில் குந்தியிருந்து வலை வீசவும், நாற்று நடவும், சம்மணமிடவும் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். காயம் முழுதாக ஆறுமுன் வாவியிலோ வயலிலோ இறங்கவே கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ பக்டீரியாக்கள் வாழும். சேற்று மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் கிழக்கிலங்கையிலும் கண்டறியப்பட்ட நோய். அது மூட்டையும் தாக்கும், நீரிழிவு உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். துளையில் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.