செம்பூரில் ஒரு சிந்து

நம்ம பிள்ளைகள் ஸ்கூலில் தினமும் பாடும் 'ஜன கண மன' எப்படி தேசிய கீதம் ஆச்சு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தாகூர் எழுதினார் என்பதோடு நின்றுவிடும். மிஞ்சிப் போனால், "ஐந்தாம் ஜார்ஜைப் புகழ்ந்து எழுதினதாமே!" என்பார்கள்.

1911 டிசம்பர் 27, கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில்தான் அது முதலில் பாடப்பட்டது. மன்னரை வரவேற்கும் தீர்மானமும், அவரைப் போற்றும் வேறொரு ஹிந்திப் பாட்டும் அதே நாளில். சில ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு பாட்டையும் குழப்பிவிட்டன. 1937-ல் தாகூரே கடிதம் எழுதி இதை மறுத்தார். வதந்திக்கு மட்டும் ஆயுசு கெட்டி!

1947-ல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை கூடியபோது, உங்கள் நாட்டின் கீதம் எது என்று நம் குழுவிடம் கேட்டார்கள். கையில் இருந்தது இந்தப் பாட்டின் ரெக்கார்டு. அதைக் கேட்டு வாத்தியக் குழு வாசிக்க, எல்லோருக்கும் பிடித்துப்போச்சு. 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நேருவே சொன்ன கதை இது. 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் ஓர் அறிக்கை வாசித்தார், முடிந்தது. தீர்மானமும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. வந்தே மாதரத்துக்கும் சம மரியாதை உண்டு என்று அதிலேயே சொல்லிவிட்டார்.

சரி, நம்ம பம்பாய்க்கு வருவோம். தாகூர் எழுதிய காலத்தில் சிந்து பம்பாய் மாகாணத்தில்தான் இருந்தது. 1936-ல் தனி மாகாணம் ஆனது, 1947-ல் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்து அகதிகளாக வந்தவர்களில் பலர் குடியேறிய இடம்தான் நம்ம செம்பூர் கேம்ப். எங்கள் கிளைக்கு வரும் சிந்தி வியாபாரிகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் பெயரைத்தான் சொல்வார்கள்.

நிலம் போன பிறகு பாட்டில் பெயர் எதற்கு? 'சிந்து'வை எடுத்துவிட்டு 'காஷ்மீர்' சேர்க்கச் சொல்லி ஒருவர் வழக்கே போட்டார். 2005-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேசிய கீதம் எல்லைக்கோடு காட்டும் ஆவணம் அல்ல, சிந்து என்பது இடத்தை மட்டுமல்ல, அங்கிருந்து வந்து நாடெங்கும் வாழும் மக்களையும் குறிக்கும் என்றது தீர்ப்பு.

ஊரை விட்டு வந்த நமக்கும் பொருந்துகிற தீர்ப்பு இது. அந்தப் பாட்டில் 'மராட்டா'வுக்கு அடுத்த சொல் 'திராவிட'. 1960களில் இந்த ஊரில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுந்தபோதும், தாராவியிலும் மாட்டுங்காவிலும் பிள்ளைகள் அந்த இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துத்தான் பாடினார்கள்.