தங்கவயல் தரும் பாடம்: நிகர பூஜ்ஜிய இலக்கும் சுரங்க நகரங்களின் எதிர்காலமும்

மைசூரு: நிலக்கரி வெட்டப்படாத நகரம் மைசூரு. எனினும், நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஓடும் பெரும் டம்பர் லாரிகள் பலவும் இந்நகரிலுள்ள பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல் ஆலையில் உருவாகின்றன. நிலக்கரியின் தேவை குறையும் காலத்தில் சுரங்கங்களோடு, அவற்றைச் சார்ந்த இத்தகைய தொழில் நகரங்களும் மாற்றத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

2070-ஆம் ஆண்டுக்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதாக, 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. வெளியேற்றப்படும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவும், வளிமண்டலத்திலிருந்து அகற்றப்படும் அளவும் சமமாக இருப்பதே நிகர பூஜ்ஜியம் எனப்படுகிறது. அதேவேளையில், 2024-25 நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. மின்னுற்பத்தியில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியையே நம்பியுள்ளது.

கோலார் தங்கவயலின் வரலாறு

ஒரு சுரங்கம் மூடப்பட்டால் அதைச் சார்ந்த ஊர் என்னவாகும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உள்ளது. கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர்களே அதன் முதுகெலும்பாக விளங்கினர்.

எரிசக்தி மாற்றமும் இச்சுரங்கத்துக்குப் புதிதன்று. மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் அமைத்த நீர்மின் நிலையத்திலிருந்து, 1902-இல் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பிவழி மின்சாரம் கொண்டுவரப்பட்டது. நீராவி இயந்திரங்களின் இடத்தை நீர்மின்சாரம் பிடித்தது. பெங்களூரு நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பின்னர், 1905-இல்தான். இந்த மின்நிலையத்துக்குத் தடையின்றி நீர் கிடைக்கச் செய்வதும் மைசூருவை அடுத்த கிருஷ்ணராஜசாகர் அணை கட்டப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று.

சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியபோது, தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பணிகளை நிறுத்தியது. இம்மூடலுக்குக் காரணம் பொருளாதாரமே. பருவநிலைக் கொள்கை அன்று. ஆயினும் விளைவு ஒன்றே. சுரங்க நிறுவனத்தையே சார்ந்திருந்த வேலையும் மருத்துவமும் நகர வசதிகளும் தளர்ந்தன. அதிகாலை ரயிலில் பெங்களூருவுக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவது பல குடும்பங்களின் அன்றாட வாழ்வாயிற்று. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய சயனைடு மேடுகள் இன்றும் ஊரின் நடுவே நிற்கின்றன.

1964-இல் தொடங்கப்பட்ட பிஇஎம்எல் நிறுவனத்தின் ஆலை தங்கவயலிலும் இயங்கிவருவது ஓரளவு ஆறுதல். சுரங்க இயந்திரங்களுடன் மெட்ரோ ரயில் பெட்டிகள், பாதுகாப்புத் தளவாடங்கள் ஆகியவற்றையும் அந்நிறுவனம் தயாரிக்கிறது. ஒரே சந்தையை நம்பாதிருப்பதன் பயனை இது காட்டுகிறது.

நெய்வேலி எதிர்கொள்ளும் கேள்வி

1956-இல் உருவாக்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், தற்போது என்எல்சி இந்தியா என்ற பெயரில் சூரிய மின்சக்தியிலும் 1,000 மெகாவாட்டுக்கும் அதிகமான திறனை நிறுவியுள்ளது. ஆனால் அதன் சூரிய மின்நிலையங்களில் பெரும்பகுதி தமிழகத்தின் தென் மாவட்டங்களில் அமைந்துள்ளன. நிறுவனம் மாறிக்கொள்வதும் ஊர் மாறிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். மேலும், சூரிய மின்நிலையம் கட்டிமுடிக்கப்பட்டபின் அதை இயக்கச் சுரங்கத்தைப்போல் ஏராளமான ஆட்கள் தேவைப்படுவதில்லை.

நிதியும் முன்னேற்பாடும்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் பல பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2007-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று, சுரங்க நீரை இறைப்பது போன்ற முடிவில்லாச் செலவுகளை ஏற்கும் பொறுப்பைப் பெற்றது.

இந்தியாவில் 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. சுரங்கக் குத்தகைதாரர்கள் உரிமத்தொகையுடன் கூடுதலாகச் செலுத்தும் பங்களிப்பு, பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், சுகாதாரம், கல்வி, திறன் பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடப்படுகிறது. மாற்றத்துக்கு ஆயத்தமாக இந்நிதி உதவக்கூடும். ஆனால் சுரங்கம் இயங்கும்வரைதான் அது பெருகும்; மூடப்பட்டால் வரத்தும் நின்றுவிடும்.

எனவே மாற்றுத் தொழில்களும், தொழிலாளர் மறுபயிற்சியும், நிலச் சீரமைப்பும் சுரங்கம் வருவாய் ஈட்டும் காலத்திலேயே தொடங்கப்பட வேண்டியவை. தங்கவயலில் அவற்றைப் பற்றிய பேச்சு, கதவு மூடப்பட்ட பிறகே வலுப்பெற்றது. நிலக்கரி நகரங்களுக்கு இன்னும் கால அவகாசம் இருக்கிறது.