முப்பத்தைந்தில் ஒரு பங்கு: சிலிம் ரிவர் டாங்கியும் பால்மரமும்

ஜப்பானியர்களின் 97ஆம் வகை ‘சி-ஹா’ டாங்கி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுடையது. அதை 35இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஒரு சாண் கூட வராது. ஷிசுவோக்கா நகரின் தமியா நிறுவனம் 1970களில் இதைப் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. தகடுகளை இணைக்கும் தறையாணிகள் முதல் சக்கரங்களின் விளிம்பு வரை எல்லாம் அளவு பிசகாமல் வார்க்கப்பட்டிருக்கும். கிட்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியே வாதிடுகிறார்கள். இந்த வடிவம் போரை அழகுபடுத்துகிறதா, தோற்றவனின் ஏக்கத்தைச் சுமக்கிறதா, சிறுவர்களுக்கு எதைக் கற்றுத் தருகிறது என்ற கேள்விகள் அலுக்க அலுக்கக் கேட்கப்பட்டுவிட்டன. அந்தப் பொம்மை எதனால் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சி-ஹா டாங்கி பேராக்கின் தோட்டச் சாலையில் செய்த காரியத்தின் விளைவுகளில் ஒன்று, அதே டாங்கியின் பொம்மையை இத்தனை மலிவாக வார்க்க உதவிய மூலப்பொருள். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

ஜப்பானியப் படை மலாயாவுக்குள் முன்னேறிக்கொண்டிருந்த 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பாரில் நான்கு நாள் தாக்குப்பிடித்த பிறகு பின்வாங்கிய, பிரிட்டிஷ் தரப்பின் பதினோராவது இந்திய டிவிஷன், துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே இரண்டு பிரிகேடுகளை நிறுத்தியிருந்தது. வீரர்கள் வாரக்கணக்கில் சரியாக உறங்காதவர்கள். அவர்களிடம் சில கவசக் கார்களும் பிரென் கேரியர்களும் இருந்தன. மலாயாத் தீபகற்பம் முழுவதிலும் பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்கியும் இல்லை. காடும் பால்மரமும் நிறைந்த நாட்டில் டாங்கி ஓடாது என்பது அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை மறந்துவிட்ட ஒன்று சாலை. தோட்டங்களையும் ஈய லம்பங்களையும் துறைமுகங்களோடு இணைக்கக் காலனி அரசு போட்ட தார்ச்சாலை, மழையிலும் கனரக வண்டியைத் தாங்கக்கூடியது. வளைவுகளை நிமிர்த்திப் புதுச் சாலை போட்ட இடங்களில் பழைய வளைவுத் துண்டுகள் மரங்களுக்குள் அப்படியே விடப்பட்டிருந்தன. முக்கியச் சாலையில் தடுப்புகளை எதிர்கொண்ட ஜப்பானிய அதிகாரி ஷிமாடாவின் டாங்கிக் கம்பெனி, கைவிடப்பட்ட இந்தத் துண்டுகளில் புகுந்து அவற்றுக்கு அப்பால் வெளிவந்தது. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிமருந்தின் கம்பியை வத்தனாபே என்ற இளம் அதிகாரி இறங்கி வாளால் வெட்டினார் என்பது போர்நூல்கள் விடாமல் சொல்லும் காட்சி. எனக்கு அந்த வாளை விட வளைவுத் துண்டுகள் முக்கியமாகத் தோன்றுகின்றன. ரப்பருக்காகப் போட்ட பாதை ரப்பரைப் பறிகொடுக்கவும் பாதையானது.

சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காப் படையினரைப் பின்னாலிருந்து வந்த டாங்கிகள் சுட்டுத் தள்ளின. காலைக்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஊடுருவிய பிறகு, ஒரு 4.5 அங்குல ஹோவிட்சர் பீரங்கி முன்னணி டாங்கியை நேருக்கு நேர் சுட்டு வீழ்த்தியபோதுதான் அந்த ஓட்டம் நின்றது. இரண்டு பிரிகேடுகள் ஏறக்குறைய இல்லாமற்போயின. ஜனவரி 11 அன்று கோலாலம்பூர், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர், மார்ச்சில் ஜாவா. ஐரோப்பியப் போர்க்களத்தில் சி-ஹா ஒரு நோஞ்சான்: 15 டன் எடை, மெல்லிய கவசம், விசை குறைந்த 57 மில்லிமீட்டர் பீரங்கி. எதிரே இன்னொரு டாங்கி இல்லாத களத்தில் அதுவே போதுமாயிருந்தது.

அமெரிக்கா தனது இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை, ஜப்பானியரிடம் வீழ்ந்த இந்தப் பகுதியிலிருந்துதான் வாங்கி வந்தது. டயரில்லாமல் லாரி ஓடாது, விமானம் இறங்காது. ஷெர்மன் டாங்கியின் சங்கிலியிலேயே ரப்பர்க் கட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. வரத்து நின்றதும் அமெரிக்க அரசு தன் பணத்தில் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. போருக்கு முன் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி 1945இல் எட்டு இலட்சம் டன்னைத் தாண்டியது. அந்த ரப்பர் மூன்று பங்கு பியூட்டடையீனும் ஒரு பங்கு ஸ்டைரீனும் சேர்ந்தது. அந்த ஒரு பங்கிற்காக, அதுவரை சிறிதளவில் மட்டும் தயாரான ஸ்டைரீனுக்கு டௌ, மொன்சாண்டோ முதலிய நிறுவனங்கள் இயக்கிய பெரும் ஆலைகள் எழும்பின. போர் முடிந்ததும் ஆலைகள் அப்படியே இருந்தன, அவசரம் மட்டும் போய்விட்டது. ஸ்டைரீனைத் தனியாகக் கோத்தால் கிடைப்பது பாலிஸ்டைரின்: சூட்டில் இளகும், அச்சின் நுண்ணிய கோட்டையும் பிடித்துக்கொள்ளும், ஆறினால் உறுதியாக நிற்கும். வானொலிப் பெட்டியும் சீப்பும் பொம்மையும் அதில் பிறந்தன.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பிரிட்டனின் புகழ்பெற்ற கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1939இல் தொடங்கியபோது செய்தவை காற்றடைத்த ரப்பர் பொம்மைகள். பெயரில் உள்ள ‘ஏர்’ அந்தக் காற்றுதான். போருக்குப் பின் அச்சு வார்ப்பு எந்திரம் வாங்கிச் சீப்புகளைத் தயாரித்து, அதன் பிறகே கிட்டுக்கு வந்தது. ரப்பரிலிருந்து பிளாஸ்டிக்குக்கு ஒரு நூற்றாண்டு நகர்ந்த கதையை ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம்.

ஜப்பானியப் பக்கம் இன்னும் வினோதமானது. 1950களின் பிற்பகுதியில் அந்நாட்டில் பாலிஸ்டைரின் உற்பத்தி தொடங்கியபோது முன்னின்றவை டௌவுடனும் மொன்சாண்டோவுடனும் கூட்டுச் சேர்ந்த கம்பெனிகள். மரக்கடையாகத் தொடங்கி மரப் பொம்மைகளுக்கு வந்திருந்த தமியா, பிளாஸ்டிக் போட்டியைச் சமாளிக்க 1960இல் யமாட்டோ போர்க்கப்பலையும், மறு ஆண்டில் மோட்டாரில் ஓடும் பான்தர் டாங்கியையும் வெளியிட்டது. உலகம் முழுவதும் கவச வாகன மாதிரிகளின் பொது அளவாகிவிட்ட 35இல் ஒரு பங்கு என்பதும் அந்த டாங்கியின் வயிற்றில் பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த கணக்குத்தான். ஆக, ஜப்பானிய டாங்கி மலாயா ரப்பரைப் பறித்தது. அந்த இழப்பு அமெரிக்காவில் ஸ்டைரீனைப் பெருக்கியது. அந்தத் தொழில்நுட்பம் ஜப்பானுக்கே போய், அதே டாங்கியாக வார்க்கப்பட்டுப் பெட்டியில் பேராக்கின் ஈப்போவுக்குத் திரும்புகிறது.

இதை மறுப்பவர்கள் சொல்லக்கூடியவை இரண்டு. பாலிஸ்டைரினை ஜெர்மானியர்கள் 1930களின் தொடக்கத்திலேயே விற்றார்கள். டௌ அதே பத்தாண்டின் இறுதியில் விற்றது. போர் இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் வந்திருக்கும். உண்மை. ஒரு பொருள் இருப்பது வேறு, சிறுவனின் கைக்காசுக்கு எட்டுவது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அடுத்தது, ரப்பர் சேமிப்புக்கான அமெரிக்க ஏற்பாடு 1940இலேயே தொடங்கியது, சிலிம் ரிவர் மட்டும் காரணமாகாது என்பது. இதையும் ஏற்கிறேன். ஒரு விடியற்காலைச் சண்டை ஒரு தொழில்துறையைப் பெற்றெடுத்தது என்று எழுதினால் அது புராணமாகிவிடும். ஆனால் 1940இன் தயக்கமான திட்டத்தை 1942இன் பெருந்திட்டமாக்கியது இழப்பின் வேகம். அந்த வேகத்தில் துரோலாக் சாலைக்குப் பெரும் பங்குண்டு.

பேராக் இப்படிக் காரணமாக நின்றது ஒரு முறை மட்டுமல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பிரிட்டனில் சலாடின் கவசக் காருக்கு முன்பாக, ஆட்களை ஏற்றிச் செல்லும் சாரசன் வண்டியை அவசரமாகத் தயாரிக்க நேர்ந்ததும் மலாயாவின் தேவைக்காகவே. ஆறு ரப்பர்ச் சக்கரங்களில் ஓடிய வண்டி அது.

பால்மரத்தடியில் இருந்தவர்களுக்கு, ரப்பரிலிருந்து ஸ்டைரீனுக்கு நீண்ட இந்தக் காரணச் சங்கிலி என்ன செய்தது? ஜப்பான் தன்னால் பயன்படுத்த முடிந்ததை விட மிக அதிகமான ரப்பரைக் கைப்பற்றியிருந்தது. வாங்க ஆளில்லாமல் பால் வெட்டு நின்றது, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்களுக்கு வேலை இல்லை. 1943இல் சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் வேலையற்ற இந்தத் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில்தான் கைவைத்தார்கள். போருக்குப் பிறகும் ஸ்டைரீன் விடவில்லை. 1960களின் தொடக்கத்தில் செயற்கை ரப்பர் உலகச் சந்தையில் இயற்கை ரப்பரை மிஞ்சியது. விலை இறங்கிக்கொண்டே போனது. 1965இல் தரப்படுத்திய மலேசிய ரப்பர் முறையைக் கொண்டுவந்து ஈடுகொடுத்துப் பார்த்தார்கள். தோட்ட முதலாளிகள் பலர் செம்பனைக்கு மாறினார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, பிறகு ஈப்போவைச் சுற்றி வீடமைப்புப் பகுதிகள் வளர்ந்தன. லயங்களைக் காலி செய்த தமிழ்க் குடும்பங்கள் நகர விளிம்புக்கு நகர்ந்தன. பிளாஸ்டிக் பொம்மையும் வெறிச்சோடிய லயமும் ஒரே ஆலையின் இரண்டு விளைபொருட்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சி-ஹா கிட்டைக் காட்சிப்படுத்துவோர் அதைச் சுற்றித் தென்னையும் மூங்கிலும் நட்டு ‘மலாயாக் காடு’ என்கிறார்கள். நான் பார்த்த காட்சிகளில் நேர்நிரையாக நிற்கும் பால்மரமும் இல்லை, வெட்டுக்காயமும் இல்லை, பால் பிடிக்கும் மங்கும் இல்லை. அளவும் ஒரு தடைதான்: ஒரு ஹெக்டேர் தோட்டத்தை அதே அளவில் செய்தால் பக்கத்துக்கு 2.9 மீட்டர் வேண்டும், வீட்டு அறை நிறைந்துவிடும். மங்கு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் தறையாணியை அதை விட நுணுக்கமாக வார்த்திருக்கிறார்களே!

சி-ஹாவின் சாலைச் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு உண்டு. கிட்டில் அதுவும் பாலிஸ்டைரின்தான். சக்கரத்தோடு ஒரே துண்டாக வார்த்தது. சங்கிலியை மாதிரி கட்டுவோர் ‘ரப்பர் டிராக்’ என்பார்கள், பழைய கிட்களில் அது வினைல். அதிலுள்ள இளக்கி கசிந்து நாளடைவில் சக்கரத்தையே உருக்கிவிடுவதும் உண்டு. விளிம்புக்குப் பூசத் தமியாவே ஒரு வண்ணம் விற்கிறது: எக்ஸ்எஃப்-85, பெயர் ‘ரப்பர் கறுப்பு’. பால் வெட்டியவர்கள் ரப்பரை ஒருநாளும் கறுப்பாகப் பார்த்ததில்லை. மங்கில் அது வெள்ளை, புகைக் கொட்டகையிலிருந்து வரும்போது தேன்நிறம். கறுப்பு, கரித்தூள் சேர்க்கும் டயர்த் தொழிற்சாலையில் ஏறுவது.