1962: இந்தியாவில் மருத்துவ இயற்பியலாளர் என்ற பணி உருவான வரலாறு

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் நோயாளிக்குப் பெரும்பாலும் மூவரைத் தெரியும்: சிகிச்சையை முடிவு செய்யும் மருத்துவர், கருவியை இயக்கும் தொழில்நுட்பர், உடனிருக்கும் செவிலியர். நான்காமவர் ஒருவர் உண்டு. மருத்துவர் குறித்துக் கொடுத்த கதிரளவுதான் கருவியிலிருந்து உண்மையில் வெளிவருகிறதா, அது கட்டியின் மீதுதான் விழுகிறதா, அருகிலுள்ள முதுகுத்தண்டும் நுரையீரலும் காக்கப்படுகின்றனவா என்று கணக்கிட்டும் அளந்தும் உறுதி செய்பவர் அவர். மருத்துவ இயற்பியலாளர் என்பது அவர் பெயர். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர், இயற்பியல் பயின்றவர்.

இந்தியாவில் இத்தகைய ஒருவர் இல்லாத மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியை இயக்கும் உரிமம் கிடைக்காது. ஆனால் அதே மருத்துவமனையில் பத்தாண்டு பணியாற்றிய பின் அவர் எந்தப் பதவியில் இருப்பார் என்பதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விடை இல்லை. ஒரு பணியின் நுழைவாயில் இவ்வளவு கறாராகவும், உள்ளே செல்லும் பாதை இவ்வளவு தெளிவின்றியும் அமைந்தது ஏன்? இதற்கான விடை அப்பணி பிறந்த இடத்தில் இருக்கிறது.

ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895-இல். க்யூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தது 1898-இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே இரண்டும் சிகிச்சைக்கு வந்துவிட்டன. அளவுகோல் மட்டும் வரவில்லை. நோயாளியின் தோல் எப்போது சிவக்கிறது என்பதே நெடுங்காலம் கதிரளவின் அலகாக இருந்தது. அளவை உடலிலிருந்து கருவிக்கு மாற்றும் பொறுப்பு இயற்பியலாளர்களிடம் வந்தபோதுதான் இத்துறை தொடங்கியது எனலாம். ரேடிய ஊசிகளை எந்த இடைவெளியில், எவ்வளவு நேரம் பொருத்த வேண்டும் என்று கூறும் மான்செஸ்டர் முறை 1930-களில் உருவானது. அதை உருவாக்கியவர்கள் இருவர்: மருத்துவர் ரால்ஸ்டன் பேட்டர்சன், இயற்பியலாளர் ஹெர்பர்ட் பார்க்கர். இரு பெயர்களும் இணைத்தே இன்றும் வழங்கப்படுகின்றன.

இந்தியாவில் சென்னையின் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934-இல் தொடங்கப்பட்டது. பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கல்கத்தாவின் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்து வைத்தவர் மேரி க்யூரியின் மகள் ஐரீன் ஜோலியோ-க்யூரி.

டாடா மருத்துவமனையின் தொடக்க காலத்தில் இயற்பியல் பிரிவை அமைத்தவர் முனைவர் இராமையா நாயுடு. இந்தியாவின் முதல் மருத்துவ இயற்பியலாளராக இத்துறையினர் போற்றுவது அவரைத்தான். ரேடியத்திலிருந்து வெளிவரும் ரேடான் வாயுவைப் பிரித்தெடுத்துச் சிறு குழாய்களில் அடைத்து நோயாளிக்குப் பொருத்தும் ரேடான் கூடம் அவர் பொறுப்பில் இயங்கியது. ரேடானின் அரை ஆயுட்காலம் நான்கு நாளுக்கும் குறைவு. திங்களன்று அடைத்த குழாயின் வலிமை வெள்ளியன்று ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் அன்றன்று கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட அன்று நாட்டில் தனிப் படிப்பு ஏதுமில்லை. தகுதி என்பது தனிமனிதர் தம் முயற்சியால் வெளிநாட்டு ஆய்வகங்களில் ஈட்டிய அறிவாகவே இருந்தது. அவரோடு வந்தது, அவரோடு போகக்கூடியது.

இந்நிலையை மாற்றியது கோபால்ட். 1951 அக்டோபர், நவம்பர் மாதங்களில் கனடாவின் இரண்டு நகரங்களில் கோபால்ட்-60 கருவியால் முதன்முதலாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவ்விரண்டில் சாஸ்கட்டூனில் அமைந்த கருவியை வடிவமைத்த குழுவின் தலைவர் ஹெரால்டு ஜான்ஸ், ஓர் இயற்பியலாளர். 1950-களின் பிற்பகுதியில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் கோபால்ட் கருவி வந்துவிட்டது. உடலின் ஆழத்திலுள்ள கட்டியையும் தாக்கக்கூடியது, பராமரிக்க எளியது என்பதால் இந்தியா போன்ற நாடுகளுக்கு அது ஏற்ற கருவி.

ஆனால் கோபால்ட் ஒரு புதிய ஆபத்தையும் உடன் கொண்டு வந்தது. அதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள், மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு வலிமை குறைகிறது. அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ரேடிய ஊசியில் பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் ஒரு நோயாளியோடு முடியும். கோபால்ட் கருவியின் அளவீட்டில் பிழை நேர்ந்தால் அக்கருவியின் கீழ்ப் படுக்கும் ஒவ்வொருவரையும் அது தொடும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை ஒரு கோபால்ட் கருவியின் வெளிப்பாடு நேரடியாக அளக்கப்படவில்லை, வரைபடத்திலிருந்து கணிக்கப்பட்டது. வரைபடம் தவறு. கருவி உண்மையில் இருந்ததைவிட வலிமை குன்றியதாகக் கருதப்பட்டு, நேரம் மாதந்தோறும் தேவைக்கு மேல் கூட்டப்பட்டது. பாதிக்கப்பட்டோர் 426 பேர். 1996-இல் கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் புதிய கோபால்ட் மூலம் பொருத்தப்பட்டபோது, கருவி காட்டிய 0.3 நிமிடம் 30 வினாடியாகக் கொள்ளப்பட்டது. 0.3 நிமிடம் என்பது 18 வினாடி. ஒரு புள்ளியின் பொருளைத் தவறாகப் படித்ததால் சுமார் 115 பேர் குறித்த அளவைவிட ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் மேலான கதிர்வீச்சைப் பெற்றனர். வகுத்தலும் பெருக்கலும் அறிந்தவரே செய்த பிழை அது. அளந்த எண்ணை மற்றொருவர் தனியே சரிபார்க்கும் பழக்கமே அதைத் தடுத்திருக்கக்கூடியது. அப்பழக்கம் பாடநூலிலிருந்து வருவதில்லை, பயிற்சியிலிருந்து வருவது.

இந்தியா இத்தேவையை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. 1962-ஆம் ஆண்டை இத்துறையின் பிறந்த ஆண்டு என்றே சொல்லலாம். அவ்வாண்டில் மூன்று நிகழ்வுகள் ஒருங்கே நடந்தன. அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. டாடா நினைவு மருத்துவமனையின் நிர்வாகம் சுகாதார அமைச்சகத்திடமிருந்து அணுசக்தித் துறைக்கு மாறியது. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற டிராம்பே நிறுவனத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன், கதிரியல் இயற்பியலில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியது. இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர் அதில் சேரலாம். பல பத்தாண்டுகளாக நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு இயற்பியலாளர்களை அளித்த முதன்மை ஊற்று அதுவே.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மருத்துவ இயற்பியலாளரை இந்தியாவில் உருவாக்கியது மருத்துவத் துறை அன்று, அணுசக்தித் துறை. அத்துறையின் கேள்வி, கதிரியக்கப் பொருள் பாதுகாப்பான கையில் இருக்கிறதா என்பது. மருத்துவமனைக்குள் அந்தக் கைக்குரியவரின் நிலை என்ன, அவர் எப்படி வளர்வார் என்பது அதன் கேள்வி அன்று.

பின்வந்த சட்டங்களும் அதே தடத்தில் சென்றன. 1971-இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. 2004-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. இன்று வாரியம் ஏற்கும் தகுதிக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, இயற்பியலில் முதுநிலைப் பட்டமும் அதன்மேல் கதிரியல் அல்லது மருத்துவ இயற்பியலில் பட்டயமும். மற்றொன்று, இயற்பியலை முதன்மைப் பாடங்களுள் ஒன்றாகக் கொண்ட இளநிலைப் பட்டமும் மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் பட்டமும். எவ்வழியாயினும், நன்கு அமைந்த கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் குறைந்தது பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சி கட்டாயம். இரண்டாம் வழியை அகலப்படுத்தியவை பல்கலைக்கழகங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 1980-களிலேயே இதில் முன்னோடியாக இருந்தது.

தகுதி பெற்றவர் அதோடு நிற்பதில்லை. கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் என்ற சட்டப்பூர்வப் பொறுப்பையும் பெரும்பாலும் அவரே ஏற்கிறார். அதற்குரிய தேர்வில் தேற வேண்டும். மருத்துவமனை அவரை முன்மொழிய, வாரியம் ஒப்புதல் அளிக்கும். கருவி அறையின் சுவர்க் கனம் முதல் ஊழியர் அணியும் கதிரளவு வில்லை வரை அவர் கண்காணிப்பில் வரும். ஊழியர் ஒருவரின் கதிரளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

இங்குதான் சிக்கல் பிறக்கிறது. பாதுகாப்பு அலுவலர் மருத்துவமனையின் குறைகளைச் சுட்ட வேண்டியவர். அவருக்குச் சம்பளம் தருவதும் அம்மருத்துவமனைதான். கருவியை இன்று நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்லும்போது, அச்சொல்லின் எடை அவர் வகிக்கும் பதவியைப் பொறுத்தது. பதவி உயர்வு இத்துறையில் வெறும் சம்பளச் செய்தி அன்று என்பதற்கு இதுவே காரணம். படிநிலையில் கீழே வைக்கப்பட்டவரின் எச்சரிக்கை மேலே கேட்பது கடினம்.

படிநிலை இடத்திற்கு இடம் மாறுகிறது. அணுசக்தித் துறையின் கீழுள்ள நிறுவனங்களில் விஞ்ஞானிகளுக்குரிய தகுதி அடிப்படையிலான உயர்வு முறை உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற ஆசிரியர் வரிசை அமைந்தால் பாதை தெளிவு. முனைவர் பட்டம் அங்கு உதவும். தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் இளநிலை, முதுநிலை, தலைமை இயற்பியலாளர் என்ற பெயர்களை நிர்வாகமே வகுத்துக்கொள்கிறது. ஒரே தகுதி, ஒரே பொறுப்பு, மூவேறு வாழ்க்கை.

பெயரின் வரலாறும் இதையே காட்டும். ஆங்கிலத்தில் மருத்துவரைக் குறிக்கும் ஃபிசிஷியன் என்ற சொல்லும் இயற்பியலாளரைக் குறிக்கும் ஃபிசிசிஸ்ட் என்ற சொல்லும் ஒரே வேரின. பின்னது 1840-இல் வில்லியம் ஹ்யூவெல் புனைந்தது. தமிழ்ப் பெயரில் அக்குழப்பம் இல்லை. 1962-இன் பட்டயம் கதிரியல் இயற்பியல் என்றது. அதில் கதிர் முன்னின்றது. 1976-இல் இத்துறையினர் சங்கம் அமைத்தபோது இந்திய மருத்துவ இயற்பியலாளர் சங்கம் என்று பெயரிட்டனர், மருத்துவம் முன்வந்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை 2014-இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்புத் தரங்கள் மருத்துவ இயற்பியலாளரைச் சுகாதாரத் தொழிலர் என்றே வரையறுக்கின்றன. 2021-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் துணைத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் இப்பெயர் இடம்பெற்றது. ஆனால் தொழில்நுட்பத் தொழிலர் என்ற தலைப்பின் கீழ். அணுசக்திச் சட்டத்தின் நிழலில் பிறந்த பணி, சுகாதாரச் சட்டம் ஒன்றில் தன் பெயரைக் காண ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

பிற நாடுகளில் வரிசை வேறு. பிரிட்டனில் மருத்துவமனை இயற்பியலாளர்கள் 1943-லேயே சங்கம் கண்டனர். இன்று அங்கு மருத்துவ விஞ்ஞானி என்பது பதிவு பெற்றோர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய, சட்டம் காக்கும் பட்டப்பெயர். அமெரிக்காவில் 2014 முதல், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் உறைவிடப் பயிற்சி முடிக்காதவர் கதிரியல் வாரியத்தின் சான்றுக்குச் செல்ல முடியாது. அவ்விரு நாடுகளிலும் தொழிலுக்கான சான்று அணுப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து அன்று, மருத்துவ உலகுக்குள்ளிருந்தே வருகிறது. இந்தியாவில் சங்கத்தின் வழி அமைந்த மருத்துவ இயற்பியல் கல்லூரியின் சான்று தன்விருப்பாகவே உள்ளது.

கோபால்ட்டின் இடத்தை இன்று லினாக் எனப்படும் நேரியல் முடுக்கி பெருமளவு பிடித்துவிட்டது. கட்டியின் வடிவத்திற்கேற்பக் கதிரின் செறிவைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றும் சிகிச்சை முறைகளில், நோயாளிக்கு நோயாளி தனித் திட்டமும் தனிச் சரிபார்ப்பும் வேண்டியிருக்கிறது. கருவியை அளப்பதாகத் தொடங்கிய பணி ஒவ்வொரு நோயாளியின் திட்டத்திலும் கையொப்பமிடும் பணியாக வளர்ந்துவிட்டது. பதவி அமைப்பு அதே வேகத்தில் வளரவில்லை.

இயற்பியல் முதுநிலை முடித்து இத்துறையை நோக்கும் மாணவர் சேருமுன் இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்வது நன்று: படிக்கப்போகும் படிப்பு வாரியத்தின் தகுதிக்குப் பொருந்துகிறதா, உள்ளகப் பயிற்சிக்கு இடம் உண்டா. பயிற்சி இல்லாத பட்டம் கருவி அறையின் கதவைத் திறக்காது. மருத்துவமனை நிர்வாகங்களும் மாநில அரசுகளும் உறுதி செய்ய வேண்டியது மற்றொன்று. கருவியை நிறுத்தச் சொல்லும் கடமையை ஒருவருக்குச் சட்டம் தந்திருக்கும்போது, அச்சொல் கேட்கப்படும் உயரத்தில் அவரை அமர்த்த வேண்டும். 2021-இன் சட்டம் மாநிலங்களில் பதிவேடுகளாகவும் பணி விதிகளாகவும் எப்படி வடிவம் பெறுகிறது என்பதில்தான் அது அடங்கியிருக்கிறது.