நடுவரின் தீர்ப்பும் ஆட்டக்காரரின் ஒப்புதலும்: பிரஷ்யப் போர் விளையாட்டு முதல் பாத்திரமேற்பு விளையாட்டு வரை

ஆய்வுச் சுருக்கம்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆட்ட நடத்துநருக்குரிய தீர்ப்பதிகாரம் எங்கிருந்து வந்தது, அது ஏன் தொடர்ந்து பூசலுக்குள்ளாகிறது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யப் படையின் போர் விளையாட்டில் நடுவரின் விருப்புரிமை, படைப்பதவியையும் போர் அனுபவத்தையும் சார்ந்து நின்றது. அவ்விருப்புரிமை அமெரிக்கப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடம் வந்துசேர்ந்தபோது மேலும் விரிவடைந்தது. ஆனால் அதைத் தாங்கிய ஆதாரம் உடன்வரவில்லை. ஆட்டப் பாணிகள் குறித்த பிற்கால வேறுபாடுகள் இந்த இடைவெளியிலேயே கூர்மையடைந்தன என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: போர் விளையாட்டு, நடுவர், ஆட்ட நடத்துநர், பாத்திரமேற்பு, விருப்புரிமை, ஆட்டப் பாணி.

முன்னுரை

மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதை வாய்மொழியாகக் கூறுவர். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல், அச்செயலின் விளைவைத் தீர்மானித்து அறிவிப்பார். அவரே ஆட்ட நடத்துநர். பகடையும் விதிநூலும் அவருக்குத் துணைசெய்யும். இறுதிச் சொல் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். இது பாத்திரமேற்பு விளையாட்டின் அடிப்படை அமைப்பாகும்.

சதுரங்கத்திலோ சீட்டாட்டத்திலோ இத்தகைய ஒருவருக்கு இடமில்லை. காய் நகரும் முறை இருவருக்கும் முன்பே தெரியும். வெற்றி தோல்வியை விதியே சொல்லிவிடும். அவ்வாறிருக்க, ஒருவரின் தீர்ப்பைப் பிறர் ஏற்கும் விளையாட்டு எவ்வாறு உருவாயிற்று? அத்தீர்ப்பை அவர்கள் எதன்பொருட்டு ஏற்றனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண 1824ஆம் ஆண்டுப் பெர்லினுக்குச் செல்லவேண்டியுள்ளது.

ஆய்வு வசதிக்காக நடுவரின் அதிகாரம் இங்கு மூன்றாகப் பகுக்கப்படுகிறது: ஆட்டக்காரர் அறியாததை அறிந்திருக்கும் தகவலதிகாரம்; செயலின் பலனைத் தீர்மானிக்கும் விளைவதிகாரம்; ஆட்டம் நிகழும் களத்தையே உருவாக்கும் படைப்பதிகாரம்.

விதிக்குக் கட்டுப்பட்ட நடுவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய நாடுகளில் தோன்றிய போர் விளையாட்டுகள் சதுரங்கத்தின் விரிவாக்கங்களாகவே இருந்தன. 1780இல் பிரௌன்ஷ்வைக் நகரின் யோகான் கிறிஸ்டியன் லுட்விக் ஹெல்விக் வெளியிட்ட விளையாட்டு கட்டங்களால் ஆன பலகையில் ஆடப்பட்டது. கட்டங்களைக் கைவிட்ட அமைப்பொன்றை கேயார்க் லேயோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் 1812இல் பிரஷ்ய மன்னரிடம் காட்டினார். அவருடைய மகனும் பீரங்கிப்படை அலுவலருமான இளைய ரைஸ்விட்ஸ் அதனைச் செம்மைப்படுத்தி 1824இல் நூலாக வெளியிட்டார்.

இளையவரின் விளையாட்டு 1:8000 அளவிலான நிலப்படத்தின்மீது ஆடப்பட்டது. ஒரு சுற்று, களத்தின் இரண்டு நிமிடங்களைக் குறித்தது. இரு தரப்பினரும் தம் ஆணைகளை நடுவரிடம் அளித்தனர். நடுவர் அந்நேரத்திற்குள் படை கடக்கக்கூடிய தொலைவைக் கணக்கிட்டுக் காய்களை நகர்த்தினார். மோதல் நேர்ந்தால் பகடையை உருட்டி, இழப்பு அட்டவணையைப் பார்த்துச் சேதத்தை அறிவித்தார். எதிரியின் கண்ணுக்குத் தென்படாத படை படத்தில் வைக்கப்படவில்லை. அது எங்குள்ளது என்பதை நடுவரும் அதன் தளபதியும் மட்டுமே அறிந்திருந்தனர்.

இங்கு நடுவரின் தகவலதிகாரம் முழுமையானது. போர்க்களத்தில் தளபதிக்கு எல்லாம் தெரிவதில்லை என்ற உண்மையை மேசைமீது கொண்டுவர, எல்லாம் தெரிந்த மூன்றாமவர் தேவைப்பட்டார். ஆனால் அவரது விளைவதிகாரம் குறுகியது. பகடையும் அட்டவணையும் சொல்வதையே அவர் அறிவித்தார். விதி பேசாத இடங்களில் மட்டுமே தம் மதிப்பீட்டைப் பயன்படுத்தினார். களமோ முன்பே வரையப்பட்ட நிலப்படம். தலைமைப் படைப்பணிக் குழுவின் தலைவர் ஃபான் முஃப்லிங் இதனைப் படைப்பயிற்சிக்கு உகந்ததெனப் பரிந்துரைக்க, விளையாட்டு பிரஷ்யப் படையில் பரவியது.

அனுபவமே விதியான நடுவர்

இவ்வமைப்பின் குறை காலப்போக்கில் வெளிப்பட்டது. அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் மெதுவாயிற்று. நடுவராக இருப்பது சுமையான கணக்கு வேலையாயிற்று. 1870–71இல் பிரான்சுடன் நடந்த போருக்குப் பின் இக்குறை வெளிப்படையான விமரிசனத்துக்குள்ளானது. யாக்கோப் மெக்கல் 1873இல் வெளியிட்ட ஆய்வில், இறுக்கமான விதிகள் நடுவரின் கைகளைக் கட்டிப்போடுவதை எடுத்துரைத்தார். 1876இல் யூலியஸ் ஃபான் வெர்டி டு வெர்னுவா மேலும் ஒரு படி சென்று, பகடையையும் அட்டவணையையும் முற்றிலும் விலக்கினார். நடுவர் நிலைமையைக் கேட்டுத் தம் படையறிவைக்கொண்டு விளைவைச் சொன்னால் போதும் என்பது அவரது முறை. முந்தையது ‘இறுக்கமான’ போர் விளையாட்டு என்றும், இது ‘கட்டற்ற’ போர் விளையாட்டு என்றும் வழங்கலாயின.

விளைவதிகாரம் இங்கு நூலிலிருந்து மனிதருக்கு இடம்பெயர்கிறது. இவ்விடப்பெயர்ச்சி ஏற்கப்பட்டதன் காரணம் கவனத்திற்குரியது. வெர்டி, மோல்ட்கேயின் தலைமைப் படைப்பணிக் குழுவில் 1870–71 போரை உள்ளிருந்து கண்டவர். பின்னர் பிரஷ்யப் போர் அமைச்சராகவும் விளங்கியவர். அத்தகைய ஒருவர் நடுவராக அமரும்போது எதிரே இருக்கும் இளநிலை அலுவலர் அவரது தீர்ப்பை ஏற்பதற்கு இரு காரணங்கள் இருந்தன: அவர் பதவியில் உயர்ந்தவர், அவர் போரைக் கண்டவர். விதியைக் கைவிட்டாலும் ஆட்டம் சிதையாமல் காத்தது படையின் படிநிலையே எனலாம். திறமையற்ற நடுவர் அமைந்தால் தீர்ப்பு தன்னிச்சையாகிவிடும் என்னும் இடர் இம்முறையோடு உடன்பிறந்ததாகும்.

தோல்வியெனக் கருதப்பட்ட ஓர் ஆட்டம்

இம்மரபு அமெரிக்கப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களை அடைந்த வழிகளுள் ஒன்று ஒரு நூலகத்தினூடே சென்றது. அமெரிக்கப் படை அலுவலர் சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்டகோஸ்’ என்னும் போர் விளையாட்டு நூலை, டேவிட் வெஸ்லி 1960களில் மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்தார். விதியில் சொல்லப்படாத எதையும் ஆட்டக்காரர் முயலலாம், அதன் விளைவை நடுவர் தீர்மானிப்பார் என்னும் கருத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

1969இல் வெஸ்லி நடத்திய ‘பிரௌன்ஸ்டைன்’ ஆட்டம் நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய ஊரொன்றில் நிகழ்ந்தது. படைத்தலைவர்களுக்கு அப்பால் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் முதலிய பாத்திரங்களும் ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. அவர்கள் தமக்குள் தனித்தனியே பேசி, வெஸ்லி திட்டமிடாத செயல்களில் இறங்கினர். திட்டமிட்ட போர் நடைபெறவே இல்லை. வெஸ்லி இதனைத் தோல்வியெனக் கருதினார். ஆட்டக்காரர்களோ மீண்டும் நடத்துமாறு கேட்டனர்.

அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன் 1970களின் தொடக்கத்தில் ‘பிளாக்மூர்’ என்னும் மாயக் கற்பனை நாட்டை உருவாக்கி, அதில் தொடர் ஆட்டத்தை நடத்தினார். நிலவறைகளையும் அவற்றில் உறையும் விலங்குகளையும் புதையல்களையும் அவரே வகுத்தார். தகவலதிகாரத்தோடும் விளைவதிகாரத்தோடும் படைப்பதிகாரமும் ஒருவரிடமே சேர்ந்தது இக்கட்டத்தில்தான். பிரஷ்ய நடுவர் தாம் வரையாத நிலப்படத்தில் தீர்ப்பளித்தார். ஆர்னெசன் தாமே படைத்த உலகில் தீர்ப்பளித்தார். ஆனால் எதிரே அமர்ந்திருந்தவர்கள் அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்கள் அல்லர். அவர்கள் நண்பர்கள், விருப்பமில்லையெனில் எழுந்து செல்லக்கூடியவர்கள். நிலவறையில் புலி இருந்ததா என்பதற்குப் போர் அனுபவமும் சான்றாகாது.

ஒரே ஆசிரியர், இரு நிலைப்பாடுகள்

விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், ஆர்னெசனுடன் இணைந்து எழுதிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகள். அதில் நடத்துநர், போர் விளையாட்டு வழக்குப்படி, நடுவர் என்றே குறிக்கப்பட்டார். விதிகள் பல இடங்களில் முழுமையற்றிருந்தன. விடுபட்டவற்றை ஆசிரியர்களிடம் கேட்பதைவிட ஆட்டக்காரர்கள் தாமே கற்பனை செய்துகொள்ளலாம் என்பதே அந்நூலின் பின்னுரை தந்த அறிவுரை.

ஊருக்கொரு விதமாக ஆட்டம் வளர்ந்தது. ஆனால் போட்டிகளில் வெவ்வேறு ஊரார் ஒரே மேசையில் அமர்ந்தபோது பொதுவிதி தேவைப்பட்டது. 1977 முதல் 1979 வரை வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நூல்களில் கைகாக்ஸ் ஒருமைப்பாட்டை வலியுறுத்தினார். எனினும் 1979ஆம் ஆண்டு நடத்துநர் கையேடு, பகடையின் முடிவையே புறக்கணிக்கும் உரிமையையும் நடத்துநருக்கு வழங்கியது. நூலாசிரியருக்கு அடங்கியவராகவும் மேசையில் தனியாட்சி செலுத்துபவராகவும் நடத்துநர் ஒருங்கே காட்டப்பட்டார். இறுக்கமான, கட்டற்ற என்னும் பழைய இரு முறைகளும் ஒரே நூலுக்குள் தீர்க்கப்படாமல் அருகருகே நின்றன என்று இதனைக் கொள்ளலாம்.

ஆட்டப் பாணிகளும் அதிகார எதிர்பார்ப்பும்

1980இல் ‘டிஃபரென்ட் வேர்ல்ட்ஸ்’ இதழில் கிளென் பிளாகோ எழுதிய கட்டுரை ஆட்டப் பாணிகளை நான்காகப் பகுத்தது: பாத்திரத்தின் வலிமையைப் பெருக்குதல், போர்த்திறனைச் சோதித்தல், பாத்திரமாக வாழ்தல், கதை சொல்லுதல். இப்பகுப்பு பொதுவாக ஆட்டக்காரரின் சுவை வேறுபாடாகவே வாசிக்கப்படுகிறது. நடுவரின் அதிகார வரலாற்றோடு இணைத்து நோக்கின் வேறொரு பொருளும் புலப்படும்.

போர்த்திறனைச் சோதிக்க விழைபவர் ரைஸ்விட்ஸின் நடுவரை நாடுகிறார். பகடை சாவென்று சொன்னால் பாத்திரம் சாகவேண்டும்; இல்லையேல் பிழைத்ததில் பெருமையில்லை. வலிமை பெருக்குபவருக்கும் விதி மாறாதிருத்தல் இன்றியமையாதது. கதையை விழைபவரோ, பொருளற்ற சாவைத் தடுக்கும் விருப்புரிமையை நடத்துநரிடம் எதிர்பார்க்கிறார். பாத்திரமாக வாழ விழைபவருக்குத் தம் பாத்திரத்தின் மனத்தை நடத்துநர் தீர்மானிக்காதிருத்தலே முதன்மையானது. ஆகவே, நடத்துநர் மறைவாக ஒரு பகடையின் எண்ணை மாற்றினால், அது ஒருவருக்குக் கருணை, மற்றவருக்கு மோசடி. செயல் ஒன்றே, அதை அளக்கும் அளவுகோல் வேறு.

பின்வந்த படைப்பாளர்கள் இச்சிக்கலுக்கு வெவ்வேறு தீர்வுகளை முன்வைத்தனர். 1987இல் வெளிவந்த ‘ஆர்ஸ் மாஜிகா’ நடத்துநர் பொறுப்பை ஆட்டக்காரர் மாறி மாறி ஏற்க வழிசெய்தது. 1991இல் ‘ஆம்பர்’ பகடையை விலக்கி, வெர்டியைப் போலவே விளைவை நடத்துநரின் மதிப்பீட்டிடம் ஒப்படைத்தது. 2009இல் வெளிவந்த ‘ஃபியாஸ்கோ’ நடத்துநரையே நீக்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் இரு போக்குகள் எதிரெதிர்த் திசையில் சென்றமை புலனாகிறது. 1824 முதல் 1974 வரை நடுவரின் அதிகாரம் தகவலிலிருந்து விளைவுக்கும், விளைவிலிருந்து படைப்புக்கும் விரிந்தது. அதே காலத்தில் அவ்வதிகாரத்தைத் தாங்கிய பதவியும் அனுபவமும் விலகின. எஞ்சியது ஆட்டக்காரரின் ஒப்புதல் ஒன்றே.

விதிநூல் அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கலாம். ஒப்புதலை அதனால் உண்டாக்க இயலாது. பிரஷ்ய இளநிலை அலுவலர் நடுவரின் தீர்ப்பு பிழையெனக் கருதினாலும் மேசையை விட்டு எழ இயலாதவர். பாத்திரமேற்பு ஆட்டக்காரர் எழக்கூடியவர். எனவே எந்தப் பாணியில் ஆடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பேசித் தெளிதல், நடத்துநரின் தீர்ப்பு செல்லுபடியாவதற்கான அடிப்படையாகவே அமைகிறது. பகடை உருள்வதற்கு முன்னரே அத்தீர்ப்பின் வலிமை முடிவாகிவிடுகிறது.