மன்றோ எடுத்த பள்ளிக் கணக்கு

ராயபுரத்திலிருந்து மவுண்ட் ரோடு போகும்போது, தீவுத்திடல் அருகே குதிரைமேல் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். கவர்னராக இருந்த அவர் 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்கு கேட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இங்கிலாந்தைவிடக் குறைவுதான், ஆனால் சமீப காலம்வரை ஐரோப்பிய நாடுகள் பலவும் இதைவிடக் கீழே இருந்தன என்று 1826-ல் எழுதினார். பெருமைப்படலாம். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே என்று அவர் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு 15 வயது மாணவர்களுக்கான சர்வதேச 'பீசா' தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 இடங்களில் இரண்டும் கடைசி மூன்றுக்குள். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். 2012 தேர்வுக்கு இந்தியா போகவே இல்லை. பேலன்ஸ் குறைவென்று பாஸ்புக்கில் என்ட்ரி போடாமல் விட்டதுபோல எனக்குப் படுகிறது. 2015, 2018-லும் போகவில்லை.